செடி அவரையும் இரவும்

அவரையில் இரண்டு வகை உண்டு. ஒன்று பந்தலேறும் கொடி; மற்றொன்று முழங்கால் உயரத்திலேயே நின்று காய்க்கும் குத்துச்செடி. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் வாடகைக்குக் குடியிருக்கும் எங்களைப் போன்றோருக்கு வாய்த்தது இரண்டாவது வகை. அதற்கான காரணத்தைத் தேடப் போனதில் இரவைப் பற்றிச் சில செய்திகள் தெரியவந்தன. அவற்றைப் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

எங்கள் வீட்டின் பின்புறம் பத்தடிக்கு ஆறடி மண் இருக்கிறது. செங்கல் துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, மக்கிய எருவைக் கலந்து, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 14 ரகத்தை ஊன்றினோம். வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஓரடி. பந்தல் வேண்டாம், கொம்பு வேண்டாம். ஏறத்தாழ 60 நாளில் முதல் பறிப்பு. பூங்காம்பு இலைகளுக்கு மேலே தலைநீட்டுவதால் காயைத் தேட வேண்டியதில்லை. இரவுப் பணி முடிந்து வந்த தூக்கக் கலக்கத்திலும் பறித்துவிடலாம். குருத்தில் அப்பும் அசுவினிக்கு, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்கிறோம். செடி ஓய்ந்ததும் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிடுகிறோம். வேர்முடிச்சுகளின் தழைச்சத்து மண்ணுக்கே சேரட்டும் என்று. கடையில் பீன்ஸ் என்று விற்பதையும் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். அது குளிர்ச்சியை நாடும் காய். வெயில் ஏறியதும் பூவை உதிர்த்துவிட்டது. அவரை அப்படிச் செய்வதில்லை.

பக்கத்து வீட்டு ஆயா இதைப் பார்த்துச் சிரிப்பார். அவருடையது பந்தல் அவரை. ஆடியில் விதைத்து, மார்கழியில் பூ கண்டு, பொங்கல் குழம்புக்குப் பறிப்பது அவர் வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் சாலைக்கு அப்பால் ஒரு சரக்குக் கிடங்கு வந்தது. விடிய விடிய விளக்கெரியும் இடம் அது. அந்த ஆண்டு ஆயாவின் பந்தலில் வீட்டு நிழல் விழுந்த பக்கம் மட்டும் பூத்தது. சாலைப் பக்கம் இலையாகவே மண்டிக் கிடந்தது. “ராத்திரி இருட்டா இருந்தாத்தாம்மா அதுக்குப் பூக்கணும்னு தோணும்” என்றார். மறு ஆண்டு பந்தலின் அந்தப் பக்கம் பழைய சாக்குகளைத் தைத்துத் தட்டி கட்டிவிட்டார். பூத்தது.

ஆயா சொன்னது பழைய செய்தி. குறுந்தொகையின் 82ஆம் பாடலில், தன் கண்ணீரைத் துடைத்துத் தேற்றியவன் அவரை பூக்கும் முன்பனிக் காலத்திலும் வரவில்லையே என்று தலைவி வருந்துகிறாள். தினையரிந்த தாளில் படர்ந்த கொடி பூத்துவிட்டது, அவன் வரவில்லை. நாள்காட்டி இல்லாத காலத்தில் அவரைப்பூவே காலத்தைச் சொல்லப் போதுமானதாக இருந்திருக்கிறது.

அறிவியல் இதை வெகு பின்னரே விளக்கியது. புகையிலையும் சோயா மொச்சையும் பகலின் நீளத்துக்கேற்பப் பூக்கின்றன என்று அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்னும் இருவர் 1920இல் எழுதினர். செடி அளப்பது உண்மையில் இரவைத்தான் என்பது 1938இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தையை வைத்துச் செய்த சோதனைகளில் தெரிந்தது. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலும் அச்செடி பூக்க மறந்தது. பந்தல் அவரையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இரவு நீளும்போது பூக்கும். இந்தக் கட்டுப்பாட்டை நீக்கி, எம்மாதம் விதைத்தாலும் காய்க்குமாறு உருவாக்கப்பட்டவையே கோவையின் குத்துச்செடி ரகங்களும், பெங்களூரின் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் போன்றவையும்.

இதைப் படித்தபோது எங்களுக்குச் செடியின் நினைவோடு எங்கள் நினைவும் வந்தது. எங்கள் இருவரில் ஒருவருக்கு இந்த வாரம் பகல் ஷிப்ட் என்றால் மற்றவருக்கு இரவு. பகலில் உறங்க வேண்டியவருக்காகச் சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டிருக்கிறோம். ஆயா கொடிக்காகச் சாக்கு கட்டினார். நாங்கள் எங்களுக்காகக் கம்பளி கட்டினோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்களும், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசிகளும், 2010இல் ஒரகடத்தில் நிசான் கார்களும் வெளிவரத் தொடங்கிய பிறகு, இப்பகுதியில் இருட்டு என்பது தேடிப் போக வேண்டிய பொருளாகிவிட்டது. வேலையும் அப்படித்தான். 2014இல் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானோர் வெளியேற நேர்ந்தது. அடுத்த தையில் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாதவர்கள் ஆறு மாதக் கொடிக்குப் பந்தல் போடுவதில்லை. 60 நாள் செடி அவர்களுக்குப் பொருந்துகிறது. அதில் குறைசொல்ல ஏதுமில்லை. எங்கள் வீட்டில் வாரம் இருமுறை பொரியலாவது அதுதான். ஆனால் அதன் பூவைப் பார்த்து இது என்ன மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கானது. இம்முறை புரட்டாசியோடு முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று தெரியாது. ஆயினும் இந்த ஆடியில் ஆயா கொடுத்த விதையில் இரண்டை, கிடங்கின் வெளிச்சம் எட்டாத சுவர் மூலையில் ஊன்றியிருக்கிறோம். கொடி சுவரேறத் தொடங்கிவிட்டது. மார்கழியில் நாங்கள் இங்கே இல்லாவிட்டால் காய்களை அந்தப் பக்கமிருந்து பறித்துக்கொள்ளும்படி ஆயாவிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.