விடுபட்ட எண்

தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த அளவெட்டியில், திருவிழா இரவுகளிலேதான் எண்கள்மீது எனக்குக் காதல் பிறந்தது. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் ஐந்து சாதிகளும் மீதியின்றி வகுக்கும் மிகச் சிறிய எண் யாதெனக் கொப்பியிலே கணித்துப் பார்த்தேன். அது 1260. அதற்குக் காரணிகள் 36. அதனிலும் சிறிய எண் எதற்கும் அத்தனை இல்லை.

இத்தகைய எண்களையே இராமானுஜன் 1915 இல் ஆராய்ந்தார். இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் வந்த அக்கட்டுரையில் 6746328388800 வரை 102 எண்களை நிரற்படுத்தினார், யாவும் கைக்கணக்கு! ஆயின், அந்நிரலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று: 293318625600.

இச்செய்தியைப் படித்தபோது மனம் ஒப்பவில்லை. ஊர் வீட்டு விறாந்தையில் அமர்ந்து அவ்வெண்ணைப் பென்சிலாற் கூறுபடுத்தினேன். இரண்டு ஆறு முறையும், மூன்று நான்கு முறையும், ஐந்தும் ஏழும் இவ்விரு முறையும் வந்தன. 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையே. ஒவ்வொரு தொகையோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும். 7, 5, 3, 3, அப்பால் நான்கு இரண்டுகள். விடை 5040.

பென்சில் நின்றுவிட்டது. 5040 தானும் அந்நிரலைச் சேர்ந்ததன்றோ! என் பழைய 1260 இன் நான்கு மடங்கு அது. இத்துணை அழகிய எண்ணா அப்பெருமகனாரின் கண்ணுக்குத் தப்பியது? இதனிற் சிறிய எண் எதற்கும் 5040 காரணிகள் இல்லையென்று நிறுவுவது என் பென்சிலுக்கு அடங்காத வேலை. அதனை அறிஞர் கூற்றாகவே கொண்டேன். நிரலின் ஓரத்தில் அவ்வெண்ணை எழுதிச் சேர்க்கக் கை எழுந்தது. நெடுநேரம் தயங்கிய பின், அழிக்கத்தக்கதாய் மெல்ல எழுதினேன்.