மணலைக் காத்த ஊருக்கு

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ப் பெருமக்களுக்கு,



தஞ்சாவூரிலிருந்து வரும் இந்த மடலை உங்களில் ஒருவரும் படிக்கப்போவதில்லை. தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். நன்றி உங்களுக்குத்தான். ஆனால் எதற்காக அந்த நன்றி என்பது எங்கள் பக்கத்துக்காரர்கள் காதிலும் விழ வேண்டும் என்று ஓர் ஆசை.

போன ஜூனில் உங்கள் ஊருக்கு வந்து இறங்கிய கூட்டம் எங்களுடையது. அரிசி ஆலைக்காரர், டாக்டர், உரக் கம்பெனியில் ஓய்வு பெற்றவர், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அரசாங்க வேலைக்குப் போன நான். எல்லோரும் காவிரிக் கரையில் பிறந்து, பிழைக்கப் போன சென்னையிலோ கோவையிலோ துபாயிலோ கோல்ஃப் ஆட்டத்தைத் தொற்றிக்கொண்டவர்கள். ஊரில் போய் கோல்ஃப் ஆடுகிறேன் என்று சொன்னால், "எந்த வயல்ல?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதினெட்டுக் குழி மைதானத்துக்கு எங்கள் கணக்கில் இருபது வேலி நிலம் வேண்டும். இருபது வேலி நஞ்சையைப் புல்லுக்கு விட்டவனை எங்கள் ஊரில் கட்டிவைத்து வைத்தியம் பார்ப்பார்கள்.

அதனால் உங்கள் பழைய மைதானத்தின் முதல் குழியருகே நின்றபோது எங்கள் ஆலைக்கார நண்பர் கேட்ட முதல் கேள்வி ஆட்டத்தைப் பற்றியதல்ல. குனிந்து மண்ணைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்துவிட்டு, "இதுல என்னங்க விளையும்?" என்றார். ஒன்றும் விளையாது. கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே, காற்று அள்ளிக் கொட்டிய மணல். மேலே மெல்லிய புல். உழ முடியாது, வீடு கட்ட முடியாது. எங்கள் காவிரிக் கடைமடையையும் தாண்டிப் போனால் கோடியக்கரைப் பக்கம் இதே சாயலில் நிலம் உண்டு. வெளிமானும் மட்டக்குதிரையும் மேயும் மணல்மேடு. பட்டாக்காரன் வேண்டாமென்று தள்ளிய நிலம் அது. உங்களுடையதும் அப்படித் தள்ளப்பட்டதுதான். உங்கள் ஊரில் அது ஆட்டுக்கும் முயலுக்கும் பொழுதுபோகாத மனிதனுக்கும் போயிற்று.

பந்து விழுந்தால் எழுந்திருக்காத அந்த ஆழமான மணற்குழிகள், கடற்காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துப் படுத்துப் பறித்தவை என்று உங்கள் ஊரில் சொல்கிறார்கள். எங்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். அறுவடை முடிந்தால் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ச் சீமைக்கு வருவார்கள். வயலில் கிடை போடுவார்கள். ஆடு ஓர் இரவு படுத்த இடம் காலையில் எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பதினான்காவதில் இருக்கும் 'நரகக் குழி' என்ற மணற்குழியில் என் பந்து விழுந்தபோது, எந்தக் கிடாயின் வேலையோ என்றுதான் தோன்றியது.

இனி நன்றிக்கு வருகிறேன்.

இந்த நிலம் உங்கள் கையை விட்டுப் போக எத்தனை தடவை பார்த்தது என்று படித்துத் தெரிந்துகொண்டேன். 1457-ல் உங்கள் அரசர் இரண்டாம் ஜேம்ஸ், வில் பயிற்சி கெடுகிறது என்று இந்த ஆட்டத்தையே தடை செய்தார். 1552-ல் பேராயர் ஹாமில்டன், முயலை எனக்கு விடுங்கள், மணல்வெளியில் ஆடும் உரிமை ஊராருக்கு என்று எழுத்து மூலம் உறுதி செய்தார். அதன் பிறகும் 1797-ல் நகரசபை கடனில் மூழ்கி நிலம் கைமாறி, ஆட்டக்களம் முயல் பண்ணையானது. முயல் வியாபாரிகளோடு நீங்கள் நீதிமன்றத்திலும் மைதானத்திலும் இருபது வருஷத்துக்கு மேல் மல்லுக்கு நின்றீர்கள். 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற பக்கத்து நிலக்கிழார் நிலத்தை வாங்கி ஆட்டத்துக்கே விட்டார். 1974-ல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு, ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தி, அதன் பொறுப்பில் வைத்தீர்கள். உலகமே கைகூப்பும் ஆர் அண்ட் ஏ கோல்ஃப் சங்கத்தின் மாளிகை முதல் குழிக்குப் பின்னால் நிற்கிறது. மைதானம் அந்தச் சங்கத்துக்குச் சொந்தமில்லை என்று கேட்டபோது எங்களில் பாதிப் பேர் நம்பவில்லை. சென்னையில் எங்களுக்குத் தெரிந்த கோல்ஃப் எல்லாம் சங்க உறுப்பினர் அட்டையோடு தொடங்கி, வாசல் காவலாளியோடு முடிவது.

உங்கள் ஊரிலோ சீட்டு. இரண்டு நாள் முன்னதாகப் பெயர் கொடுக்க வேண்டும். குலுக்கலில் வந்தால் ஆடலாம். அந்தக் குலுக்கலில் கோடீசுவரன் பெயருக்குத் தனிச் சலுகை கிடையாது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் உத்திரமேரூரில் ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள். பெருமையடித்துக்கொள்வதோடு சரி, குடவோலையை நாங்கள் கண்ணால் பார்த்தது உங்கள் ஊரில்தான். முதல் நாள் எங்கள் பெயர் வரவில்லை. பக்கத்தில் 1895-ல் போட்ட மைதானத்தில் ஆடினோம். அதற்கு உங்கள் ஊரில் 'புது' மைதானம் என்று பெயர்! மறுநாள் சீட்டு விழுந்தது. ஆளுக்கு முந்நூறு பவுண்டுக்கு மேல் ஆயிற்று, வலிக்கத்தான் செய்தது. ஆனால் உள்ளூர்க்காரர் சில நூறு பவுண்டில் ஒரு வருஷம் முழுக்க ஆடுகிறார் என்று தெரிந்ததும் அந்த வலி குறைந்தது. வெளியூர்ப் பணத்தில் உள்ளூர் நிலம் ஊருக்கே நிலைக்கிறது என்றால் கொடுத்துவிட்டுப் போகலாம்.

எங்களோடு மட்டைப் பை சுமந்து வந்த கேடி ஐயாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எவ்வளவு தூரம் என்ற இரண்டைத்தான் வாயால் சொன்னார். பேச்சைக் குறைத்து ஆடு என்ற மூன்றாவதைப் பார்வையால் சொன்னார். அங்கே பாதி இடத்தில் கொடி கண்ணில் படாது. ஊருக்குள் தெரிகிற கூர்கோபுரத்தைக் காட்டி அதைப் பார்த்து அடி என்பார். கோபுரத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது எங்களுக்குப் புதிதா? ஆனால் காற்று புதிது. அம்மி பறக்கும் ஆடிக்காற்று தெரியும் என்று மார்தட்டிக்கொண்டு போனவர்களை உங்கள் வடகடல் காற்று ஒன்பதாவது குழிக்குள் அடக்கிவிட்டது. பந்தை வானத்தில் ஏற்றாதே, தரையோடு உருட்டு என்று அவர் கையால் காட்டினார். உருட்டினோம். இறுகிய மணல் தரையில் அது ஓடின ஓட்டம், செழித்த கொடைக்கானல் புல்லில் ஆடிப் பழகிய எங்களுக்குக் கனவு மாதிரி இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றி.

அன்று பழைய மைதானத்தில் ஆட்டம் கிடையாது. ஆள் ஓய்வெடுக்காவிட்டாலும் புல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது டாம் மாரிஸ் கிழவரின் கொள்கை என்று சொல்வார்கள். 1908-ல் செத்துப்போன மனிதர். மணல் போட்டு மணல் போட்டே புல்லைக் காப்பாற்றியவர். அன்று என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனோம். ஊரே அங்கே இருந்தது. தள்ளுவண்டியில் குழந்தை, கயிறு கட்டாத நாய், கைத்தடி ஊன்றிய பாட்டி. முந்தின நாள் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கால்வைத்த பதினெட்டாவதின் புல்மேல் ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு குறுக்கே நடந்து கடற்கரைக்குப் போயிற்று. ஆட்டம் நடக்கிற நாளிலும் முதல், கடைசிக் குழிகளுக்குக் குறுக்கே ஒரு பொதுப் பாதை போகிறது. ஆள் கடக்கும்வரை ஆட்டக்காரன்தான் காத்திருக்க வேண்டும். இதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்தேன் போலிருக்கிறது.

எங்கள் ஊர்களிலும் மந்தைவெளி, மேய்ச்சல் தரை, களம், குளக்கரை என்று பொது நிலம் உண்டு. வருவாய்க் கணக்கில் இன்னும் இருக்கிறது. நிலத்தில் போய்ப் பார்த்தால்தான் இருக்காது. 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றச் சொல்லி, இப்படிப்பட்ட பொது நிலங்களை மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. கொள்ளிடத்து மணல் லாரியில் போன கதையை இங்கே ஆரம்பித்தால் இது நன்றி மடலாக முடியாது. முயல் வியாபாரியை எதிர்த்து இருபது வருஷம் சளைக்காமல் நின்ற உங்கள் பிடிவாதத்தைத்தான் இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நீங்களும் எல்லாருக்கும் வாசலைத் திறந்துவைத்தவர்கள் இல்லை. அந்த மாளிகைச் சங்கம் பெண்களை உறுப்பினராக்க வாக்களித்தது 2014-ல்தான். ஆனால் 1867-லேயே உங்கள் ஊர்ப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து, மேடும் பள்ளமுமாக ஒரு சின்னப் புல்வெளியைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பெயர் 'ஹிமாலயாஸ்'. இன்றும் சில பவுண்டு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் பந்து உருட்டலாம். எங்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு மணி நேரம் அங்கே சிரித்த சிரிப்பில், முந்நூறு பவுண்டு கொடுத்த நாங்கள்தான் ஏமாந்தோமோ என்று சந்தேகம் வந்தது.

கார்னூஸ்டி மைதானத்துக்கும் போனோம். அங்கே கடைசி இரண்டு குழிகளுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து ஒரு வாய்க்கால். 1999 ஓப்பன் போட்டியில் ஆட்டக்காரர் வான் டி வெல்டே காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினாரே, அதே வாய்க்கால். வாய்க்காலைக் கண்டு டெல்டாக்காரன் பயப்படுவானா என்றார் டாக்டர். பயப்படவில்லை, பந்துகள்தான் திரும்பவில்லை. அருகே டண்டி நகரத்தில் பழைய சணல் ஆலையைக் காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். வங்காளத்துச் சணல் கப்பலேறி அங்கே சாக்காகியிருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் சாக்கு வரவில்லை என்று நெல்லோடு காத்துக் கிடந்த அனுபவம் உள்ள எங்கள் ஆலைக்காரர் அந்தக் காட்சியகத்தைவிட்டு வெளியே வர மறுத்துவிட்டார்.

உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு என்று தெரிந்தது கடைசி நாளில். உங்கள் ஊரில் ஒரு பள்ளியின் பெயர் மட்ராஸ் காலேஜ். பலகையைப் பார்த்து நின்றேன். உங்கள் ஊரில் 1753-ல் பிறந்த ஆண்ட்ரூ பெல், ஒரு நாவிதரின் மகன், 1789-ல் எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அனாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஒருநாள் போகிற வழியில் நம் நாட்டுப் பள்ளி ஒன்றைக் கண்டார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். தன் பள்ளியிலும் மணலைக் கொட்டினார். வாத்தியார் முரண்டு பிடிக்க, ஓர் எட்டு வயசுப் பையனை விட்டுச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதான், வேறு யார்? 1797-ல் அதைப் புத்தகமாக்கினார். உங்கள் மைதானம் கைமாறிய அதே வருஷம்! 'மட்ராஸ் முறை' இங்கிலாந்து முழுக்கப் பரவிற்று. பெல் விட்டுப்போன பணத்தில் அந்தப் பள்ளி 1833-ல் திறந்தது. காசில்லாத பிள்ளைகளுக்கு மணலில் எழுத்தறிவித்த முறைக்கு நன்றியாக, சென்னையின் பெயரை இத்தனை காலமாக வைத்திருக்கிறீர்கள். எழும்பூர் திண்ணைகளைப் பெயரோடு நினைவில் வைத்திருக்கும் பள்ளிக்கூடம் சென்னையில் எத்தனை இருக்கும்?

இன்னொன்று, கதைதான். 1840-களில் உங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குக் கிழக்கேயிருந்து ஒரு விஷ்ணு சிலை வந்ததாம். உடையாமலிருக்கச் சுற்றிலும் கட்டாபெர்ச்சா என்ற மலாய்க் காட்டு மரப்பிசினை அடைத்திருந்தார்களாம். வீட்டுப் பையன் அதை உருட்டிப் பந்தாக்கினானாம். கதை எப்படியோ, பிசின் பந்து வந்ததும், இறகு அடைத்த விலையுயர்ந்த தோல் பந்து போயிற்று, கூலிக்காரனும் ஆட வந்தான். எங்கள் பக்கத்துச் சாமிகள் கடல் தாண்டிப் போன கதைகள் எல்லாம் வயிற்றெரிச்சல். சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிற கதை இது ஒன்றுதான்.

எங்கள் பக்கம் வர நினைத்தால் ஜூனில் வராதீர்கள். மேட்டூர் அணை திறந்து ஊரே குறுவைக்கு ஓடிக்கொண்டிருக்கும். தை கடைசியில் வாருங்கள். சம்பா அறுத்து, வயல் காய்ந்து, உளுந்து தெளிக்காத இடமெல்லாம் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு இறங்கியிருப்பார்கள். சொந்தக்காரன் யாரென்று யாரும் கேட்பதில்லை, அடுத்த நாற்றுவரைக்கும் அது எல்லோருக்கும். பையன்களிடம் சொல்லி ஒரு மணி நேரம் உங்களுக்கு வாங்கித் தருகிறேன். இரண்டு மட்டை போதும். வரப்பில் ஒட்டிக்கொண்ட பந்தை எப்படி அடிப்பது என்று உங்கள் விதிப்புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வந்த பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நரகக் குழியில் ஏழு அடி அடித்த
தஞ்சாவூர்க்காரன்