கேள்விக்குறியாய் போன சொற்கள்



பெற்றோர் சிலர் கேட்ட கேள்விக்கு வட்ஸ்அப்பில் பதில் எழுதப் போய் நீண்டுவிட்டது, அதனால் இங்கே போடுகிறோம். கேள்வி இதுதான்: "சேர், தமிழ் வேலைக்கு எதுக்கு பிள்ளையள் கறுப்புத் திரையில இங்கிலீசில தட்டுறாங்க?"

தரம் 12 பிள்ளைகள் துறைமுகச் சொற்களைச் சேகரிக்கிறார்கள். வெள்ளைக்காரன் 1957இல் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும் வரை டொக்யாட்டில் வேலை செய்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். ஒரு பிள்ளை தன் அப்பாவிடம் (வாப்பாவின் வாப்பா) கேட்டுக் கேட்டு எழுதிய கோப்பை வெளியே ஒரு பழைய கணினியில் திறந்து திரும்பச் சேமித்திருக்கிறது. அடுத்த நாள் பார்த்தால் பக்கம் முழுக்க கேள்விக்குறி. அந்தப் பெரியவர் இரண்டு மாதத்துக்கு முன்னம் மௌத்தாகிவிட்டார். திரும்பப் போய்க் கேட்க ஆளில்லை.

பாமினியில் தட்டிய கோப்பு எழுத்துரு இல்லாத கணினியில் இங்கிலீசுக் கிறுக்கலாய்த் தெரியும், ஆனால் மாற்றி எடுத்துவிடலாம். இது அப்படியில்லை. யுனிகோடை யுடிஎஃப் 8 முறையில் சேமிக்கும்போது தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். 'கிண்ணியா' என்ற சொல்லுக்கு மட்டும் 24 பைட். 256 இடம் மட்டுமே உள்ள பழைய முறையில் சேமித்தால், இடம் கிடைக்காத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி உட்காரும். அதுக்குப் பிறகு உள்ளே தமிழே இல்லை, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

எங்கள் ஆய்வுகூடத்தில் இருப்பது லினக்ஸ். அங்கே எந்த எழுத்துமுறை என்பதை எடிட்டர் தானாக முடிவுசெய்வது குறைவு. அது 'சூழல் மாறி' என்ற ஒன்றைப் பார்க்கும். 1979இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து இருக்கிற ஏற்பாடு: ஒரு பெயர், சமன் அடையாளம், ஒரு பெறுமதி. ஒரு செயலி இன்னொன்றைத் தொடக்கினால் தொடக்கியதைப் பெற்றோர் என்றும் தொடங்கியதைப் பிள்ளை என்றும் சொல்வார்கள். பெற்றோரிடம் உள்ள மாறிகளின் பிரதி பிள்ளைக்குப் போகும். பிள்ளை தன்னுடையதை மாற்றினால் பெற்றோருடையது மாறாது. (வீட்டில் நேர்மாறாகத்தான் நடக்கிறது என்று எங்களில் ஒருவர் சொல்வார்.)

முதலாவது 'லாங்' என்ற மாறி. அது காலியாகவோ வெறும் 'சி' என்றோ கிடந்தால் நானோ எடிட்டரில் தமிழ் சிதறும். பெறுமதியின் வாலில் யுடிஎஃப் 8 இருக்க வேண்டும். முன்னால் இலங்கைத் தமிழா அமெரிக்க இங்கிலீசா என்பது திரையில் வரும் அறிவிப்புகள், திகதி போன்றவற்றுக்குத்தான், எழுத்து இரண்டிலும் பத்திரம். ஆனால் நீங்கள் எழுதும் அமைப்பு அந்தக் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேணும், இல்லாவிட்டால் அது பழையபடி 'சி'க்கே போகும். 'எல்சி ஆல்' என்ற மாறி எங்காவது வைக்கப்பட்டிருந்தால் அது லாங்கை மேவிவிடும். சரியாய் எழுதியும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் அதைத் தேடுங்கள்.

இரண்டாவது 'எடிட்டர்' என்ற பெயரிலேயே உள்ள மாறி. அந்த இழப்புக்குப் பிறகு சொற்கோப்பின் ஒவ்வொரு நாள் நிலையையும் கிட் மூலம் சேமிக்கிறோம். சேமிக்கும்போது குறிப்பு எழுதச் சொல்லி கிட் ஒரு எடிட்டரைத் திறக்கும். எதுவும் சொல்லி வைக்காவிட்டால் பெரும்பாலும் விஐதான் வரும், 1976இல் பில் ஜோய் எழுதியது. பிள்ளைகளுக்கு அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் பிளக்கைக் கழற்றிய கதையும் உண்டு. (எஸ்கேப், முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். எழுதியது சேமிக்கப்படாது, ஆனால் வெளியே வரலாம்.) எடிட்டர் சமன் நானோ என்று வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. 'விஷுவல்' என்றும் ஒரு மாறி இருக்கிறது. திரை இல்லாமல் காகிதத்தில் அச்சடித்த காலத்து வரி எடிட்டர்களுக்கு முந்தியது, முழுத்திரை எடிட்டர்களுக்குப் பிந்தியது. கிட் முதலில் பார்ப்பது விஷுவலை, ஆகவே இரண்டிலும் ஒன்றையே எழுதுங்கள்.

கறுப்புத் திரையில் தமிழ்க் கொம்பும் காலும் ஒன்றோடொன்று முட்டும், அதை மறைக்கத் தேவையில்லை. நீண்ட கட்டுரைக்கு ஜிஎடிட் நல்லது, நானோ சின்னத் திருத்தத்துக்கு.

யன்னலில் தட்டிய மாறி யன்னலை மூடினால் போய்விடும். நிலைக்க வேண்டுமானால் வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் 'புரொஃபைல்' கோப்பில், முன்னால் 'எக்ஸ்போர்ட்' சேர்த்து எழுதி, வெளியேறித் திரும்ப உள்நுழைய வேணும்.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில், ஜெட்டியில், வள்ளங்களில் வேலை செய்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகள் வந்து எழுதுவார்கள். பழைய பாமினிக் கோப்புகள் இருந்தால் பென்ட்ரைவில் கொண்டுவாருங்கள். ஆனால் வரும் வழியில் எங்கும் திறந்து சேமிக்க வேண்டாம்.