உறையின் பின்பக்கம்

அல்சூர், பெங்களூர்
20.10.2013

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. பிரிக்காமல் உறையின் பின்பக்கத்தையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பெயர், வீட்டு இலக்கம், வீதி, கிளிநொச்சி. இத்தனை வருடமும் யாரோ ஒருவரின் விலாசத்துக்குத்தான் உனக்கு எழுதினேன். பிறகு மெனிக் பாம் முகாமில் கூடார இலக்கத்துக்கு எழுதினேன்.

அத்திவாரம் முடிந்து சுவர் எழும்பிவிட்டது என்று வாசித்ததும் எனக்கு, உன்னிடம் விலாசம் கேட்ட 1993 மே மாதம்தான் ஞாபகம் வந்தது. மே தின ஊர்வலத்தில், ஆமர் வீதிச் சந்தியில், சைக்கிளில் வந்தவன் வெடித்து ஜனாதிபதி பிரேமதாசா செத்துப்போனார். அன்றைக்கே பிரதமர் விஜேதுங்க அவர் இடத்தில் பதவி ஏற்றார், ஒரு கிழமையில் பாராளுமன்றம் அவரைத் தெரிவு செய்தது. நாட்டுக்கு அவ்வளவு கெதியாக ஒழுங்கு வந்துவிட்டது. நீ கொட்டாஞ்சேனை லொட்ஜில் இருந்தாய். "கொழும்பில் உனக்கு என்ன வேலை, விலாசம் என்ன?" என்று கேட்டுப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். வெளியே விடும்வரை அம்மா சோறு தின்னவில்லை. அதோடு கொழும்பே வேண்டாம் என்று வன்னிக்குப் போனாய்.

பிரேமதாசா பிரதமராக இருந்தபோது பத்து லட்சம் வீட்டுத் திட்டம் கொண்டுவந்தவர். ஏழைக்கு ஒரு கூரை வேண்டும் என்பது அவருக்கு உண்மையிலேயே மனதில் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அவருடைய ஆட்சியில் எங்கள் ஊரில் குண்டு விழுந்ததையும் நான் மறக்கவில்லை. என்றாலும் அவரைக் கொன்றதால் எங்கள் ஒருவருக்கும் ஒரு ஓடுகூடக் கிடைக்கவில்லை.

உனக்குக் கொழும்பில் நடந்தது, இங்கே எனக்கு இரண்டு வருடம் முந்தியே நடந்தது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றார்கள். ஓகஸ்டில் இதே பெங்களூரில், கோணனகுண்டேயில் ஒரு வீட்டைப் பொலிஸ் சுற்றி வளைத்தது. 20ஆம் தேதி காலை உள்ளே போனபோது அந்தக் கொலைக்காகத் தேடப்பட்ட புலிகளான சிவராசன், சுபா உட்பட ஏழு பேர் பிணமாகக் கிடந்தார்கள். மறுகிழமையே எங்கள் வீட்டுக்காரர் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "சிலோன்காரருக்கு வீடு கொடுத்தால் எனக்குத்தான் தொந்தரவு" என்றார். கைக்குழந்தையோடு மூன்று மாதத்தில் மூன்று வீடு மாறினோம். கடைக்குப் போனால் வாய் திறக்கமாட்டேன், பேச்சிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. அத்தானுக்கு இது தெரியும். உனக்கு இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த இந்தியாதான் இப்போது வீடு கட்ட உனக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் தருகிறது. வடக்குக் கிழக்குக்கும் மலையகத்துக்கும் சேர்த்து ஐம்பதாயிரம் வீடு. மனம் நிறைந்து வாங்கு தம்பி, கூச்சப்படாதே. ஆனால் தவணைக்காசு வரும் முன் கடன் வாங்கி வீட்டைப் பெருப்பிக்காதே. மணலும் மரமும் விலை ஏறிக்கொண்டே போகிறது, பலர் கடனில் கிடக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டு அறையும் குசினியும் போதும். முதலில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கு. வளவின் பின்பக்கம் மிதிவெடி அகற்றுகிறவர்கள் வேலை முடிந்தது என்று சொல்லும்வரை பிள்ளைகளை அங்கே விடாதே. மச்சாளிடமும் சொல்.

வடக்கு மாகாணசபைத் தேர்தலில் வரிசையில் நின்று வாக்குப் போட்டேன் என்று எழுதியிருந்தாய். முப்பத்தெட்டில் முப்பது இடம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. முதலமைச்சர் விக்னேஸ்வரன் ஐயா என்ன செய்யப்போகிறார் என்று பார்ப்போம். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு பதில் வராமல், றோட்டும் வீடும் மட்டும் போதும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

தை பிறந்ததும் வருகிறோம். யாழ்தேவி கிளிநொச்சி வரை வந்துவிட்டதாமே. கொழும்பில் ஓர் இரவுகூடத் தங்கமாட்டேன், நேரே ரயில் ஏறிவிடுவேன். வாசல் கதவுக்கு மரம் வாங்காமல் வை, அது எங்கள் செலவு. சிவாஜி நகரில் பித்தளைத் தகட்டில் வீட்டு இலக்கம் வெட்டித் தருகிறார்கள். உறையில் உன் எழுத்து கொஞ்சம் கலங்கியிருக்கிறது, 17ஆ 11ஆ தெரியவில்லை. சரியாகப் பார்த்து எழுது.

அன்புடன்,
அக்கா