முன்பயிற்சி: இல்லை

நான் பி.எட். படிச்சது 2005ல. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவுல, ரோட்டோரத்துல புதுசா ஆரம்பிச்ச சின்னக் காலேஜு. மொத்தமே நூறு பேருதான். அங்க சைக்காலஜி லேப்புன்னு ஒரு ரூம் இருந்துச்சு. ஒரு இரும்பு பீரோ, நாலு பெஞ்சு. பீரோவுக்குள்ள கண்ணாடியில பாத்து நட்சத்திரம் வரையுற பலகை, புதிர்ப்பாதை அச்சடிச்ச தாளுக, ஒரு ஸ்டாப் வாட்ச், விரல்திறன் சோதிக்கிற பலகை. பாடத்துல பாவ்லோவோட நாய், தார்ன்டைக்கோட பூனை, கோலரோட குரங்கு எல்லாம் வந்துச்சு. மனப்பாடம் பண்ணிருவேன். எங்க தெருவுல தாய், பாட்டின்னு தேடுனாலும் காலேஜு வாசல மிதிச்ச முதப் பொம்பளப் பிள்ள நான்தான். பெயிலானா திரும்பி எங்க போகணும்னு எனக்குத் தெரியும்.

பிராக்டிக்கல ரெண்டு ரெண்டு பேராச் செய்யணும். ஒருத்தர் சோதனை செய்யுறவர், இன்னொருத்தர் சோதனைக்கு உட்படுறவர். மொத நாளு புதிர்ப்பாதை. நாங்க ஆரம்பிக்கப் போற நேரத்துல ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்து வாசல்ல நின்னுக்கிட்டு, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப்புக்கு சர்டிபிகேட் குடுக்காதவங்கள்லாம் எந்திரிங்க"ன்னாரு. ஏழு பேரு எந்திரிச்சோம். என் ஜோடிப் பிள்ளைக்கு அதுவரைக்கும் தெரியாது போல. அவ ஒண்ணும் சொல்லல. பெஞ்சு மேல ரெண்டு பேரோட டிபன் பாக்ஸும் ஒட்டி இருந்துச்சு, அவளோடத மட்டும் அந்தப் பக்கம் நகத்தி வச்சுக்கிட்டா. அதுக்கப்பறம் எம் பென்சிலு போன வழியெல்லாம் முட்டுச்சந்துதான். பதினாலு தப்பு.

மறு வாரம் விரல்திறன். பலகையில நூறு குழி. ஒரு கிண்ணம் நெறைய ஊசி. மூணு மூணா எடுத்து ஒவ்வொரு குழியாச் சொருகணும். ஸ்டாப் வாட்ச அமுக்குனதுதான் தெரியும், என் விரலு என்னையக் கேக்காமலே ஓடுச்சு. கண்ணு அடுத்த குழிக்குப் போகுமுன்ன கை போயிருச்சு. வகுப்புல யாரும் என் நேரத்துக்குக் கிட்டத்துல வரல. "ஏய், எப்படிப்பா?"ன்னு கேட்டா எஞ் ஜோடி. ரெக்கார்டு நோட்டுல ஒரு வரி உண்டு, 'முன்பயிற்சி' என்று. நான் 'இல்லை' என்று எழுதினேன்.

அது பொய்.

ஏழு வயசுல தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக ஆரம்பிச்சேன். அது 1987. வெடிகாலம் நாலு மணிக்கெல்லாம் ஊரு முக்குல வண்டி வந்து ஆரன் அடிக்கும். அம்மா ஈரச்சேலைய வச்சு மூஞ்சியத் தொடச்சு, தூங்குனபடியே தூக்கி ஏத்திவிடும். குச்சிகளச் சட்டத்துல வரிசையா அடுக்கணும். தலைக எல்லாம் ஒரே மட்டமா நிக்கணும், அப்பத்தான் மருந்துல முக்குறப்ப ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. கோணலா இருந்தா கணக்குல சேத்துக்க மாட்டாக. அடுக்குன எண்ணத்துக்குத்தான் கூலி. இந்த வேலையில 14 வயசுக்குள்ள இருக்குற பிள்ளைகள வைக்கக் கூடாதுன்னு 1986லயே சட்டம் வந்தாச்சு. சட்டத்துக்கு மறு வருசம் நான் வண்டி ஏறுறேன்.

பன்னெண்டு வயசுல அம்மா என்னைய மீட்டுச்சு. மீட்டுச்சுன்னுதான் சொல்லணும், முன்பணம் வாங்கியிருந்தாக. அதை அடைக்கிறதுக்காக அம்மா பயர் ஆபீஸுல மருந்து செலுத்துற வேலைக்கு மாறுச்சு. அங்க கூலி கூட. சாயங்காலம் வரும்போது புருவமெல்லாம் அலுமினியப் பொடி மின்னும். நான் பத்தாவது படிக்கையில ஒரு தீவிபத்துல அதோட வலது கை வெந்து, ரெண்டு விரலு ஒண்ணா ஒட்டிப்போச்சு.

ரெக்கார்டுல கையெழுத்துப் போட்ட சாரு சொன்னாரு: "சில பேருக்கு இது பொறவியிலயே இருக்கும்மா. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரத்தத்துல ஊறுனது. அதான் இங்க இந்தத் தொழில் வளந்துச்சு." முடிவுரையில 'நுண்ணிய கைவேலைகளுக்கு ஏற்றவர்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். பத்துக்குப் பத்து. அதுவரைக்கும் நான் வாங்காத மார்க்கு.

வீட்டுல வந்து அம்மாகிட்ட சொன்னேன். "எத்தன ஊசி தாயி?"ன்னு கேட்டுச்சு. முந்நூறுன்னேன். "அதுக்கு என்ன கூலி குடுத்தாக?"

அந்தப் பலகை எங்கிருந்து வந்ததென்று பின்னால்தான் படித்தேன். 1920களில் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில், சின்னச் சின்ன உறுப்புகளைப் பூட்டும் வேலைக்கு ஆள் பொறுக்க ஜான்சன் ஓ'கானர் செய்தது. ஆள் பொறுக்குகிற முதலாளிக்கு விரல் எப்படிப் பழகியது என்ற கேள்வி தேவையில்லை, வேகம் போதும். அதே 1920களில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அவர்கள் ஊர் விட்டு ஊர் போய்க் 'கற்றது' வரலாறு. நாங்கள் தூக்கக் கலக்கத்தில் கற்றது மட்டும் எப்படி ரத்தம் ஆனது?

பிஞ்சு விரல்தான் இந்த வேலைக்குத் தோது என்ற பேச்சும் இதன் கூடப்பிறப்பு. 1990களில் ஐ.எல்.ஓ.வுக்காக இந்தியக் கம்பள நெசவில் ஓர் ஆய்வு செய்தார்கள். மிக நுண்ணிய முடிச்சுள்ள கம்பளங்களைப் பெரும்பாலும் பெரியவர்களே நெய்திருந்தார்கள். பிஞ்சு விரலில் இருப்பது நுணுக்கம் அல்ல, குறைந்த கூலி.

அந்தப் பதினாலு தப்புக்கும் ஒரு பதில் கிடைத்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் உத்தரப் பிரதேச கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்ப்பாதைகள் கொடுத்துப் பார்த்து 2004இல் எழுதினார்கள். சாதியைச் சொல்லாதபோது தலித் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் ஏறக்குறைய சமம். எல்லார் முன்னாலும் பேரோடு சாதியை வாசித்த பிறகு தலித் பையன்கள் முடித்த புதிர்கள் குறைந்துவிட்டன. நான் வகுப்பில் எழுந்து நின்றதற்கு ஒரு வருசம் முன்னாலேயே இது அச்சில் இருந்திருக்கிறது. எங்கள் பீரோவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனா அந்த 'இல்லை'ய யாரும் எங்கையப் பிடிச்சு எழுத வைக்கல. அதை நானாத்தான் எழுதினேன். அம்மா கைய வித்து வாங்குன படிப்புல, அந்தக் கைய மறைச்சு மார்க்கு வாங்கியிருக்கேன். சாரு மேல இருக்குற கோவத்தவிட இதுதான் எனக்குத் தூக்கத்தக் கெடுக்குது.

இப்ப சாத்தூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கேன். போன வருசம் பயிற்சிக்கு வந்த பி.எட். பிள்ளை ஒண்ணு அதே மாதிரிப் பலகையக் கொண்டு வந்துச்சு. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திய உக்கார வச்சா. மளமளன்னு சொருகி முடிச்சிட்டா. "மிஸ், முன்பயிற்சின்னு கேட்டிருக்கு, என்ன போட?"ன்னா பயிற்சிக்கு வந்தவ.

"அவகிட்டயே கேளும்மா"ன்னேன்.

அந்தப் பிள்ளை ஊசிகள கிண்ணத்துல அள்ளிப் போட்டுக்கிட்டே எம் மொகத்தப் பாத்தா. லீவு நாளுல அவ வீட்டுத் திண்ணையில உக்காந்து வெடிக்குழாய் உருட்டுறது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்ங்கிறது அவளுக்கும் தெரியும்.

"இல்ல மிஸ்"னா.

நான் சேர இழுத்து அவ பக்கத்துல போட்டு உக்காந்து, எந்த வயசுல வண்டி ஏறுனேன்னு சொல்ல ஆரம்பிச்சேன்.