முறிகண்டியிலிருந்து முகமாலைக்கு: தலைக்கு அளவான கவசம்

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் ஏ9 வீதியால் போகிறவர்கள் குறைவு. பஸ், லொறி, மோட்டார் சைக்கிள் எல்லாமே அங்கு நிற்கும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படுவார்கள். ஸ்கூட்டியில் வரும் எமது பெண்கள் அங்கே ஹெல்மட்டைக் கழற்றும்போது அவர்களின் முகங்களைக் கவனித்திருக்கிறீர்களா? நெற்றியில் சிவந்த கோடு இருக்கும். காதோரம் வியர்வை வழியும். “அப்பாடா” என்று கழுத்தைத் தடவிக்கொள்வார்கள்.

ஒரு சோளகக் காலத்தில் அந்த வீதியால் முகமாலைக்குச் சென்றேன். என் ஸ்கூட்டியின் பின்னால் ஓர் அக்கா வந்தார். 2009இல் கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்த தங்கையைப் பார்க்கப் புறப்பட்டிருந்தார்.

அவர் அணிந்திருந்தது மகனின் ஹெல்மட். லொறி ஒன்று எம்மைக் கடந்து போனபோது அது பின்னால் சாய்ந்து, நாடி வார் கழுத்தை இழுத்தது. அக்கா ஒரு கையால் ஹெல்மட்டையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டார். “அளவான ஒண்டு வாங்கேலாதோ அக்கா?” என்று கேட்டேன். “அளவானது இந்த இடத்தில குத்துது பிள்ளை” என்று இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே காட்டினார். ஷெல் துண்டு பட்ட தழும்பு. துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

வன்னியில் இப்படி உடம்பில் இரும்பைச் சுமந்து வாழ்பவர்கள் பலர். இவர்களுக்கு ஹெல்மட் வலிக்கிறது என்றால் அது செல்லச் சிணுங்கல் அல்ல. வலிக்கும் கவசத்தை மனிதர் கழற்றி வைத்துவிடுவர், அல்லது பெரிய ஒன்றைக் கவிழ்த்துக்கொள்வர். விழும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கிளிநொச்சி நகரில் ஒரு கடையின் முன் நிறுத்தினோம். தையல் வேலை செய்யும் அக்காவின் கைப்பையில் அளவு நாடா இருந்தது. புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, காதுகளுக்கு மேலாக, பின்தலை மேட்டைச் சுற்றி அளந்தோம். 56 சென்ரிமீற்றர். மகனின் ஹெல்மட்டில் 60 என்று இருந்தது. சட்டைக்குக் கால் அங்குலம் பார்ப்பவர் தலைக்கு நான்கு சென்ரிமீற்றரை விட்டிருந்தார்.

அளவு சரியாக இருந்தாலும் வடிவம் சரிவர வேண்டும். சிலருக்கு நீளத் தலை, சிலருக்கு வட்டத் தலை. முதல் இரண்டும் அக்காவின் தழும்பில் முட்டின. வேறொரு தயாரிப்பு, அதே அளவுதான், முட்டவில்லை. கன்னத்தை மெல்ல அழுத்த வேண்டும், நெற்றியில் வலிக்கக்கூடாது. கன்னத்துப் பஞ்சு பாவிக்கப் பாவிக்கத் தளரும் என்பதால் புதிதில் சற்று இறுக்கமாக இருப்பதே சரி. ஹெல்மட்டை அசைத்தால் முகத்தோலும் கூடவே அசைய வேண்டும். வாரைப் பூட்டியபின் பின்பக்கத்தைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் அது உங்களுக்குரியது அல்ல. வாருக்கும் நாடிக்கும் இடையே இரண்டு விரல் போகலாம். உச்சிக் கொண்டை கவசத்தை மேலே தள்ளும். பின்கழுத்தில் தளரப் பின்னல் போடுங்கள்.

தழும்பு முட்டுகிறது என்று உள்ளே இருக்கும் ரெஜிபோமை வெட்டிக் குழி செய்யாதீர்கள். அடி விழும்போது நசுங்கி மூளையைக் காப்பது அதுதான். ஒருமுறை நசுங்கினால் மீளாது. விபத்தில் அடிபட்ட ஹெல்மட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

முழுமுக ஹெல்மட்டைக் கையில் எடுத்ததும் அக்கா தயங்கினார். “முகத்தை மூடினா மூச்சு முட்டுது. பங்கருக்குள்ள இருந்த மாதிரி.” அவசரப்படுத்தவில்லை. முன்கண்ணாடியைத் திறந்து விட்டு, கடை வாங்கிலில் பத்து நிமிடம் அணிந்தபடி கதைத்துக்கொண்டிருந்தோம். காற்றுத் துவாரங்களையும் திறந்தோம். பிறகு அவராகவே கண்ணாடியை இறக்கினார். தாடையையும் பற்களையும் காப்பது இந்த வகைதான். எவ்வளவு முயன்றும் முடியாதவர்கள் முகம் திறந்த வகையை, அளவானதாக, அணியலாம்.

“பொலிஸ் பிடிக்காதோ?” என்றும் கேட்டார். காவலரண்களில் முகம் காட்டிப் பழகியவர்களின் கேள்வி. 2015இல் முழுமுக ஹெல்மட்டுக்குத் தடை கொண்டுவரப் பொலிஸார் முனைந்தபோது மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு மூலம் அதை நிறுத்தியது என்று விளக்கினேன். ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் ஹெல்மட் அணிய வேண்டும் என்பது சட்டம். உலகின் பல ஆய்வுகளைத் திரட்டி 2008இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, ஹெல்மட் மரண ஆபத்தை 42 வீதமும் தலைக்காய ஆபத்தை 69 வீதமும் குறைக்கிறது என்கிறது.

பரந்தன் வயல்களைத் தாண்டி ஆனையிறவுக்கு வந்தோம். இருபுறமும் வெளி, மறைப்பில்லாத காற்று. சோளகம் பக்கவாட்டில் அடித்து ஸ்கூட்டியைத் தள்ளியது. அக்காவின் இரண்டு கைகளும் என் இடுப்பில் இருந்தன. ஹெல்மட்டைப் பிடிக்கத் தேவையிருக்கவில்லை.

முகமாலையில் தங்கை வேலை முடிந்து வந்தார். ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் 2002 முதல் வடக்கில் கண்ணிவெடி அகற்றி வருகின்றன. இந்தப் பணியில் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர். நெற்றி முதல் தொண்டை வரை மறைக்கும் பொலிகாபனேற் முகக்கவசத்தோடு, வெயிலில் முழந்தாளில் இருந்து மண்ணைக் கிளறுகிறார்கள். சர்வதேச நியமப்படி அதன் தடிப்பு குறைந்தது 5 மில்லிமீற்றர். “பாரமில்லையோ?” என்று கேட்டேன். “பின்னால திருகி எங்கட தலைக்கு இறுக்கலாம் அக்கா. உள்ளுக்கு ஒரு பருத்தித் துணி கட்டுவம். இடைக்கிடை ஓய்வும் தருவினம். சரியாப் பொருந்தினா மறந்துபோம்” என்றார். கீறல் விழுந்தால் பார்வை மங்கும் என்பதால் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டுதான் துடைப்பார்களாம்.

வெடி நிலத்தில் கவசத்தை அவரவர் தலைக்குச் சரிசெய்த பிறகே வேலைக்கு விடுகிறார்கள். வீதியில் எம்மை அப்படிக் கேட்க ஆளில்லை. கணவரினதோ, தம்பியினதோ, மகனினதோ தலைக்கு வாங்கியதையே மாட்டிக்கொள்கிறோம். பிள்ளைகளின் செலவு முடிந்த பிறகே எமது தேவை என்று நினைக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே ஆள் நாம் என்பதை மறந்துவிடுகிறோம்.

உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு ஹெல்மட்டையும் ஓர் அளவு நாடாவையும் கொண்டு போங்கள். ஒருவர் தலையை மற்றவர் அளந்து பாருங்கள். பின்னால் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தழும்போ ஷெல் துண்டோ உள்ளவர்கள் கிளினிக் போகும்போது ஹெல்மட்டையும் எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். புதிதாக வாங்குபவர்கள் எஸ்.எல்.எஸ். சான்று இருக்கிறதா என்று பார்த்து, பத்து நிமிடமாவது அணிந்திருந்த பின்னரே பணம் கொடுங்கள்.