விடுபட்ட இரண்டு ஆண்டுகள்

மரக்காணத்து உப்பளங்களில் உப்பு வாரும் கோடைக்காலம். ஒரு மாலைப்பொழுதில், வணிகவியல் பட்டம் பெற்ற எங்கள் தெருப்பெண் ஒருத்தி என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். திண்டிவனத்தில் ஒரு கடைக்குக் கணக்கு உதவியாளர் தேவையாம். அதற்கான தன்விவரக் குறிப்பையும் விண்ணப்பக் கடிதத்தையும் திருத்தித் தரவேண்டும் என்றாள்.

வாசித்தேன். 'கடின உழைப்பாளி, நேர்மையானவள், எப்பணியையும் ஏற்பவள்' என்று யாருக்கும் பொருந்தும் சொற்கள். தோழியின் தாளைப் பார்த்து எழுதியதாம். பட்டம் பெற்ற பின்னர் வந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"இந்த இரண்டு வருஷம் என்னம்மா செய்தாய்?"

தலை குனிந்தாள். "உப்பளத்துலதான் ஐயா இருந்தேன். அதைப் போய் எழுதுவாங்களா?"

மேலும் கேட்டேன். கண்ணாடி மானியை உப்புநீரில் மிதக்கவிட்டு அளவு பார்ப்பாள். ஏறக்குறைய 25 டிகிரி ஏறியதும் நீரைப் பாத்திக்குத் திருப்பச் சொல்வாள். அன்றாடம் மூட்டைகளை எண்ணிப் பதிவாள். சனிதோறும் முப்பது பேருக்குக் கூலி பட்டுவாடா செய்வாள். கணக்கில் ஒரு ரூபாய்கூடப் பிசகியதில்லை. கடைக்காரர் தேடும் தகுதி அதுவேயன்றோ? அதைத்தான் அவள் மறைத்திருந்தாள்.

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. 1974-இல் என் முதல் விண்ணப்பத்தில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வேளாண்மை' என்று எழுதியவன் நான். எழுதப்படிக்கத் தெரியாத என் தந்தை, உப்புநீரில் வெடித்த பாதங்களை நீட்டி அமர்ந்து, "வாசிச்சுக் காட்டுப்பா" என்றார். 'உப்பளத் தொழிலாளி' என்று மாற்றி வாசித்தேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி இன்றும் என்னைச் சுடுகிறது.

அவளுக்குக் கணிதமேதை இராமானுஜனின் கதையைச் சொன்னேன். 1912 பிப்ரவரியில் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு எழுதிய விண்ணப்பம் மிகச் சிறியது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை பயின்று மேலே தொடர இயலாமற்போனதையும் அவர் மறைக்கவில்லை. கணிதத்திலேயே காலம் செலவிட்டதையும், பணியைச் செவ்வனே செய்யமுடியும் என்ற நம்பிக்கையையும் சொன்னார். பேராசிரியர் ஒருவரின் பரிந்துரையை இணைத்தார். மார்ச்சில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற மடலிலும், குறைந்த ஊதியம் பெறும் எழுத்தர் என்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டார். தேற்றங்கள் அதன்பின் வந்தன.

இருவரும் புதிதாக எழுதத் தொடங்கினோம். குறிப்பு ஒரே பக்கம்: அண்மைய பணி முதலில், ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் அளவும். 'நேர்மையானவள்' என்பதை அடித்துவிட்டு, 'வாரந்தோறும் முப்பது பேருக்குக் கூலிக்கணக்கு முடித்தேன்' என்று எழுதினோம். கடிதத்திற்கு மூன்று பத்திகள் போதுமாயின: எந்தப் பணிக்கு எழுதுகிறேன், அதற்கேற்ப என்ன செய்திருக்கிறேன், எப்போது நேரில் வரலாம். கடைக்காரரின் தேவையை ஒட்டியதே கடிதம். வேறொரு கடைக்கு வேறொரு கடிதம். இறுதியில் பிழை பார்த்தோம்.

"வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு" என்றேன்.

வேலை கிடைக்குமா என்பதைக் கடைக்காரர் முடிவு செய்வார். ஆனால், அன்றிரவு அவள் தாளில் உள்ளதை உள்ளபடியே வாசித்திருப்பாள். ஒரு சொல்லையும் மாற்றவேண்டிய தேவை அவளுக்கு இருந்திராது.